எதிராளி சூட்டிய பெயர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தை எதிர்ப்பவரைக் குறிக்க அந்தக் கண்டத்தின் பெரும்பாலான மொழிகளில் ஒரே சொல்தான் புழங்குகிறது. ஆங்கிலத்தில் அது யூரோஸ்கெப்டிக். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இத்தாலியத்திலும் போலிஷிலும் அதே சொல்தான், உச்சரிப்பு மட்டும் மாறுகிறது. 1980களின் நடுவில் லண்டன் பத்திரிகைகளில் தலைகாட்டிய இந்தச் சொல், 1988 செப்டம்பர் 20 அன்று பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் ஆற்றிய உரைக்குப் பிறகு ஒரு முகாமின் பெயராகவே ஆகிவிட்டது. அந்த முகாமைச் சேர்ந்தவர்கள் அதைக் கூச்சமில்லாமல் தாங்களே சூடிக்கொள்கிறார்கள். சந்தேகப்படுவது அறிவாளியின் லட்சணம் என்றுதானே உலகம் நினைக்கிறது, அந்தப் பெயரை ஏன் மறுக்கப் போகிறார்கள்?

ஆதரிப்பவர் விஷயத்தில் கதை வேறு. அவருக்குப் பெயர்கள் கொட்டிக் கிடக்கின்றன, நிலைத்தது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. யூரோஃபைல் என்கிறார்கள், ஃபெடரலிஸ்ட் என்கிறார்கள், ஐரோப்பியவாதி என்கிறார்கள். பிரிட்டனில் 2016க்குப் பிறகு ரிமெய்னர். ஹங்கேரியில் விக்டர் ஓர்பான் வாயில் அவர் பிரஸ்ஸல்ஸ்காரர். நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது, ஒரே நாட்டுக்குள்ளும் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் எதை ஆதரிக்கிறார் என்பதும் சேர்ந்தே மாறிப்போகிறது.

இந்தப் பெயர்களின் வரலாற்றைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை எதிராளி சூட்டியவை, அல்லது எதிராளி வாயில் வளர்ந்தவை. ஆதரவாளர்கள் தாங்களாகத் தேர்ந்து வைத்துக்கொண்ட பெயர்களில் ஒரு திட்டத்தைச் சுமந்திருந்தது ஒன்றே ஒன்றுதான், ஃபெடரலிஸ்ட், அதாவது கூட்டாட்சிவாதி. அதைத்தான் அவர்களே கைகழுவினார்கள். எஞ்சிய பெயர்கள் ஒருவருடைய மனநிலையைச் சொல்லும். அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்லாது.

அந்த ஒரு பெயரிலிருந்து தொடங்கலாம். ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடைப்பட்ட கடலில் வென்டோட்டெனே என்று ஒரு தீவு. பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. முசோலினி அரசு தனக்கு ஆகாதவர்களை, சிறைத்தண்டனையை முழுக்க அனுபவித்து முடித்தவர்களையும் சேர்த்து, இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தது. சுமார் 800 பேர் இருந்தார்கள். கம்யூனிஸ்ட்டுகளுக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம், சோஷலிஸ்ட்டுகளுக்கு ஒன்று, அனார்க்கிஸ்ட்டுகளுக்கு ஒன்று என்று கைதிகள் தங்களுக்குள்ளும் கட்சி பிரிந்துதான் உண்டார்கள். அல்தியேரோ ஸ்பினெல்லி பத்தொன்பது வயதில் கம்யூனிஸ்ட்டாகக் கைதானவர். பத்தாண்டுச் சிறைக்குப் பிறகு, 1937இல் கட்சி அவரை வெளியேற்றிவிட்டது. தீவில் பழைய தோழர்கள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. பொருளாதாரம் கற்பித்த எர்னெஸ்தோ ரோஸ்ஸியும் தத்துவம் படித்த எவுஜெனியோ கொலோர்னியும்தான் துணை. 1941இல், ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், ஸ்பினெல்லியும் ரோஸ்ஸியும் ஓர் அறிக்கை எழுதினார்கள். சிகரெட் சுருட்டும் தாளில் பொடி எழுத்தில் எழுதப்பட்ட அந்த அறிக்கையைக் கொலோர்னியின் மனைவி உர்சுலா ஹிர்ஷ்மனும் ரோஸ்ஸியின் மனைவி அதாவும் கரை சேர்த்தார்கள். வறுத்த கோழியின் வயிற்றுக்குள் வைத்துக் கடத்தினார்கள் என்றும் சொல்வதுண்டு. கதை நன்றாக இருப்பதால் யாரும் அதைத் துருவிக் கேட்பதில்லை.

அறிக்கையின் சாரம் இது. இனிமேல் முற்போக்கு, பிற்போக்கு என்று பிரிக்கும் கோடு, எவ்வளவு ஜனநாயகம், எவ்வளவு சோஷலிசம் என்ற பழைய அளவுகளின்படி ஓடாது. தன் தேசத்தின் அரசு அதிகாரத்தைப் பிடிப்பதே குறிக்கோள் என்று இருப்பவர் கோட்டுக்கு அந்தப் பக்கம். தேசங்களைக் கடந்த உறுதியான ஓர் அரசை உண்டாக்குவதே முதல் வேலை என்பவர் இந்தப் பக்கம். தேச அரசு கைக்கு வந்தால் அதை எவ்வளவு நல்லவர் நடத்தினாலும் பழைய பொறாமைகளும் பழைய போர்களும் அதற்குள்ளேயே திரும்ப முளைக்கும் என்பது வாதம். 1943 ஆகஸ்ட்டில், முசோலினி வீழ்ந்து கைதிகள் விடுதலையான சில நாட்களுக்குள், மிலான் நகரில் ஒரு வீட்டில் கூடி ஐரோப்பியக் கூட்டாட்சி இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆக, ஃபெடரலிஸ்ட் என்ற பெயருக்குத் தெளிவான பொருள் இருந்தது. பொதுவான படை, பொதுவான வெளியுறவு, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பொதுவான நாடாளுமன்றம், இவற்றைக் கேட்பவர் ஃபெடரலிஸ்ட்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பினெல்லிக்கு இந்த யோசனையைக் கொடுத்த நூல்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை. பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரான பொருளாதார அறிஞர் லூயிஜி எய்னாவுதி, 1938இல் லண்டனில் உருவான ‘ஃபெடரல் யூனியன்’ என்ற அமைப்பைச் சார்ந்தவர்களின் எழுத்துகளை ரோஸ்ஸிக்கு அனுப்பி வைத்தார். லண்டன் பொருளாதாரப் பள்ளியின் லயனல் ராபின்ஸும் லோத்தியன் பிரபுவும் எழுதியதைத் தீவில் உட்கார்ந்து படித்துத்தான் இத்தாலியக் கைதிகள் கூட்டாட்சிவாதிகளானார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே லண்டனில் அந்தச் சொல்லை முழுதாக உச்சரிக்கக்கூடத் தயங்கி ‘எஃப் எழுத்துச் சொல்’ என்று கெட்ட வார்த்தையைப் போலச் சுருக்கினார்கள்.

எப்படி இந்த நிலைமை வந்தது? போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் கூட்டாட்சி என்பது பேசத் தகாத சொல்லாக இல்லை. 1946 செப்டம்பரில் சூரிச்சில் சர்ச்சில் ஐரோப்பிய ஐக்கிய நாடுகள் வேண்டும் என்று பேசினார். பிரிட்டன் அதற்கு வெளியே நின்று வாழ்த்தும் நண்பனாக இருக்கும் என்பது அவர் கணக்கு. 1948 மே மாதம் தி ஹேக் நகரில் கூடிய மாநாட்டிலேயே ஆதரவாளர்கள் இரண்டு அணியாகிவிட்டார்கள். அரசுகள் தங்களுக்குள் ஒத்துழைத்தால் போதும் என்றவர்கள் யூனியனிஸ்ட்டுகள். அரசுகளுக்கு மேல் ஓர் அதிகாரம் வேண்டும் என்றவர்கள் ஃபெடரலிஸ்ட்டுகள். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் வாசித்த அறிக்கை, நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்குவது ஐரோப்பியக் கூட்டாட்சியை நோக்கிய முதல் படி என்று வெளிப்படையாகவே சொன்னது. ஆனால் 1954 ஆகஸ்ட் 30 அன்று பொது ஐரோப்பியப் படைக்கான ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் நிராகரித்தது. அதற்குப் பிறகு முன்னால் நின்றவர் ஸ்பினெல்லி அல்ல, பிரெஞ்சு நிர்வாகி ஜான் மொனே. சுங்கவரி, எஃகு, அணுசக்தி என்று வேலையை ஆரம்பித்துவிடுவோம், அரசியல் தானாகப் பின்னால் வரும் என்பது மொனேயின் வழி. 1957 ரோம் ஒப்பந்தத்தில் கூட்டாட்சி இல்லை. ‘மேலும் மேலும் நெருங்கும் ஒன்றியம்’ என்ற தொடர்தான் இருக்கிறது. எங்கே போய் நிற்போம் என்று சொல்லாமல் போய்க்கொண்டிருப்போம் என்று மட்டும் சொல்லும் தொடர் அது. ராஜதந்திரிக்கு வரம். பெயர் வைக்க வேண்டியவனுக்குத்தான் தொல்லை.

ஃபெடரல் என்ற சொல்லுக்கு முன்பே ஒரு பழைய வியாதி உண்டு. 1787இல் அமெரிக்காவில் வலுவான மைய அரசைக் கேட்ட ஹாமில்டன், மேடிசன் அணி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. உண்மையான ஃபெடரலிஸ்ட்டுகள் நாங்கள்தான் என்று மாநில உரிமை பேசியவர்கள் புலம்பியும் பலனில்லை. ஆறு ஆண்டு கழித்து பிரெஞ்சுப் புரட்சியில் அதே சொல் நேர் எதிர்ப்பொருளில் குற்றச்சாட்டாக வந்தது. ஒன்றே ஆன, பிரிக்க முடியாத குடியரசைத் துண்டாடப் பார்க்கிறவன் என்று ஜிரோந்தின்கள் மீது அது சுமத்தப்பட்டது, பலர் தலை போனது. நவீன ஜெர்மனியில் ஃபெடரல் என்றால் பதினாறு மாநிலங்களுக்கும் அவரவர் அதிகாரம் உண்டு, மையம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பொருள். பிரிட்டிஷ் கன்சர்வேடிவ் கட்சிக்காரருக்கோ அது பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆளும் ஒரு மாபெரும் அரசு. தமிழ்நாட்டு வாசகர் இந்த விஷயத்தில் ஜெர்மானியர் பக்கம்தான் நிற்பார். ராஜமன்னார் குழுக் காலத்திலிருந்து கூட்டாட்சி என்று நாம் பேசியதெல்லாம் டெல்லியிடமிருந்து அதிகாரத்தை வாங்குவதற்காகத்தான், கொடுப்பதற்காக அல்ல. ஐரோப்பியச் செய்திகளைத் தமிழில் படிக்கும்போது கூட்டாட்சிவாதி என்ற சொல் நம் மனத்தில் தவறான ஆளின் முகத்தைக் கொண்டுவரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை எழுதிய 1991இல், கூட்டாட்சி இலக்கை நோக்கிய ஒன்றியம் என்று வரைவில் இருந்ததை நீக்கினால்தான் கையெழுத்து என்று பிரிட்டனின் ஜான் மேஜர் அரசு பிடிவாதம் பிடித்தது. நீக்கினார்கள். 2003இல் முன்னாள் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் வலெரி ஜிஸ்கார் தெஸ்தான் தலைமையில் ஐரோப்பாவுக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதியபோது அந்தச் சொல் மறுபடி வரைவில் எட்டிப் பார்த்தது, மறுபடி நீங்கியது. இரண்டு முறையும் ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் அதனால் பெரிதாகக் குறையவில்லை. மாஸ்ட்ரிக்ட் பொது நாணயத்தைக் கொண்டுவந்தது. பொது நாணயத்தைவிட மையத்துக்கு அதிகாரம் தரும் ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? அதாவது, பண்டத்தை வைத்துக்கொண்டு சீட்டை மட்டும் கிழித்தார்கள். ஆதரவாளர்கள் இதை சாமர்த்தியம் என்று நினைத்தார்கள். என் கருத்தில் அங்கேதான் சறுக்கினார்கள். தன் வேலையின் பெயரைத் தானே சொல்லத் தயங்குகிறவன் எதையோ மறைக்கிறான் என்று பார்ப்பவர் நினைப்பது இயல்பு. எதிராளிகள் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் சொல்லி வருகிறார்கள்.

காலியான அந்த இடத்துக்குத்தான் யூரோஃபைல் வந்தது. இது பிரிட்டனின் சரக்கு. 1960களிலும் 70களிலும் அங்கே ஆதரவாளருக்குப் பெயர் ‘புரோ-மார்க்கெட்டியர்’, பொதுச் சந்தையை ஆதரிப்பவர். வறட்டுப் பெயர்தான், ஆனால் நேர்மையானது. எதை ஆதரிக்கிறார் என்று அந்தப் பெயரிலேயே இருந்தது. 1971 அக்டோபர் 28 அன்று எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் அரசு ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் சேர ஒப்புதல் கேட்டபோது, எதிர்க்கட்சியான தொழிற்கட்சியின் 69 உறுப்பினர்கள் கட்சிக் கொறடாவை மீறி, ராய் ஜென்கின்ஸ் தலைமையில் அரசுக்கு வாக்களித்தார்கள். 112 வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1975 ஜூன் பொதுவாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் சமூகத்தில் நீடிக்கச் சம்மதித்தார்கள். அந்தப் பிரச்சாரத்தில் உறுப்பு நாடுகளின் கொடிகள் போட்ட ஸ்வெட்டர் அணிந்து படம் எடுத்துக்கொண்டவர் சாட்சாத் மார்கரெட் தாட்சர். கட்சிகள் பின்னால் இடம் மாறிக்கொண்டன. 1983 தேர்தல் அறிக்கையில் சமூகத்தைவிட்டு விலகுவோம் என்ற தொழிற்கட்சி, 1988 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஜாக் தெலோர் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் மாநாட்டுக்கு வந்து தொழிலாளர் உரிமை பற்றிப் பேசியபின் ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்தது. அதே மாதம்தான் தாட்சரின் புரூஜ் உரையும்.

சந்தேகி என்று ஒரு பெயர் வந்துவிட்டால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே. யூரோஃபைல் அப்படி நிலைத்த பெயர். இந்தச் சொல்லின் வால்தான் விஷயம். ‘ஃபைல்’ என்பது நேசத்தைக் குறிக்கும் கிரேக்க வால். ஆங்கிலோஃபைல், ஃபிராங்கோஃபைல் போன்ற சொற்களில் அது இருக்கிறது. ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரரை யாரும் ஃபிராங்கோஃபைல் என்பதில்லை. தன்னுடையது அல்லாத ஒன்றின் மேல் மோகம் கொண்டவருக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். எனவே கன்சர்வேடிவ் கட்சியின் கென்னத் கிளார்க்கையோ மைக்கேல் ஹெசல்டைனையோ யூரோஃபைல் என்று அழைக்கும்போதே, ஐரோப்பா என்பது வெளியூர், இவர் வெளியூர் மோகம் பிடித்தவர் என்ற தீர்ப்பும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சந்தேகி மூளையால் யோசிப்பவர், நேசர் மனத்தால் மயங்குபவர் என்று வேலை பிரிக்கப்பட்டுவிடுகிறது. கிளார்க் ஐரோப்பாவை ஆதரித்தது வட்டி விகிதம், ஏற்றுமதி, முதலீடு என்று ஒரு முன்னாள் நிதியமைச்சருக்குரிய கணக்குகளோடு. பெயரில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை.

ரிமெய்னர் பிறந்த விதம் இன்னும் விசித்திரம். பிரிட்டன் ஒன்றியத்தில் நீடிப்பதா என்ற 2016 வாக்கெடுப்புக்கு முதலில் ஆம், இல்லை என்று பதில் கேட்பதாகத்தான் திட்டம். அப்படிக் கேட்டால் நீடிப்பதற்கே சாதகமாக இருக்கும் என்று தேர்தல் ஆணையம் 2015 செப்டம்பரில் ஆலோசனை சொல்ல, ‘உறுப்பினராக நீடிக்க வேண்டும்’, ‘விலக வேண்டும்’ என்று வாக்குச்சீட்டு மாறியது. வாக்குச்சீட்டின் ஒரு வினைச்சொல்லிலிருந்து ஓர் இனமே உருவானது. 48.1 சதவீதம் வாங்கித் தோற்ற பிறகுதான் அந்தப் பெயருக்கு உயிர் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் நீடிப்போம் என்ற பக்கத்தின் பிரச்சாரத்தில் ஐரோப்பா மேல் நேசம் என்று எதுவும் தென்படவில்லை. விலகினால் நஷ்டம் எவ்வளவு என்ற கணக்குதான் தென்பட்டது. தோற்ற பிறகு ஒன்றியத்தின் நீலக்கொடி ஏந்திய கூட்டம் லண்டன் தெருக்களை நிறைத்தது. 2019இல் விலகலை ரத்து செய்யக் கோரிய நாடாளுமன்ற மனுவில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். நாற்பது ஆண்டு உறுப்பினராக இருந்தபோது இல்லாத ஐரோப்பியப் பற்று, வெளியேறும் வாசலில் நிற்கும்போது வந்தது. எதிராளிகள் சும்மா இருப்பார்களா? முனகல் என்ற ஆங்கிலச் சொல்லை நடுவில் செருகி ‘ரிமோனர்’ என்றார்கள், அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

பிரான்சில் கேலி செய்வதற்குச் சொல் தேவைப்படவில்லை, ஒரு நாற்காலி போதுமானதாக இருந்தது. 1965 டிசம்பர் குடியரசுத் தலைவர் தேர்தலில் தெகோல் முதல் சுற்றிலேயே வெல்ல முடியாமல் போனதற்கு ஒரு காரணம், ஐரோப்பிய ஒருமைப்பாட்டைப் பேசி 15 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கிய ஜான் லெக்கனுவே. இரண்டாம் சுற்றுக்கு முன் டிசம்பர் 14 அன்று தெகோல் தொலைக்காட்சிப் பேட்டிக்கு உட்கார்ந்தார். ஐரோப்பா, ஐரோப்பா, ஐரோப்பா என்று கத்திக்கொண்டு நாற்காலியில் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளலாம், அதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று சொல்லி, எழுபத்தைந்து வயதில், அந்தப் பெரிய உடம்போடு, உட்கார்ந்த இடத்திலேயே துள்ளியும் காட்டினார். பிரெஞ்சு அரசியலில் ஐரோப்பா பற்றிப் பேசப்பட்ட எந்த வாக்கியமும் அந்தத் துள்ளலைப் போல நினைவில் நிற்கவில்லை. அவருடைய சீடர் ஜாக் ஷிராக் இன்னும் ஒரு படி மேலே போனார். கார் விபத்தில் அடிபட்டு பாரிஸின் கோஷன் மருத்துவமனையில் படுத்திருந்தபடி 1978 டிசம்பர் 6 அன்று வெளியிட்ட அறிக்கையில், ஐரோப்பிய ஆதரவாளர்களை அந்நியரின் கட்சி என்றார். பதினான்கு ஆண்டு கழித்து மாஸ்ட்ரிக்ட் வாக்கெடுப்பில் அதே ஷிராக் ஆம் என்று வாக்களித்தார். அன்று ஆம் வென்றது 51 சதவீதத்தில். 2005இல் அவரே குடியரசுத் தலைவராக இருந்து நடத்திய அரசியல் சட்ட வாக்கெடுப்பில் ஏறத்தாழ 55 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். இல்லை என்றவர்களில் சோஷலிஸ்ட் கட்சியின் ஒரு பெரிய பகுதியும் இருந்தது. எங்களுக்கு ஐரோப்பா வேண்டும், இந்தச் சந்தை ஐரோப்பா வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. அவர்களை எந்தப் பெயரில் அடைப்பது?

இதுவரை சொன்னது வசவின் வரலாறு. ஸ்பெயினுக்குப் போனால் ஐரோப்பியவாதி என்ற பெயருக்காகவே சிறை வைத்த வரலாறு. அங்கே ‘யூரோப்பெயிஸ்தா’ என்றால் பிராங்கோவின் சர்வாதிகாரத்துக்கு எதிரானவர் என்று பொருள். 1962 ஜூனில் மியூனிக் நகரில் ஐரோப்பிய இயக்கத்தின் மாநாட்டில் 118 ஸ்பானியர்கள் கூடினார்கள். உள்நாட்டிலிருந்து வந்தவர்களும் நாடு கடத்தப்பட்டு வெளியில் வாழ்ந்தவர்களும், உள்நாட்டுப் போரில் எதிரெதிர் பக்கம் நின்றவர்களும், ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு தீர்மானம் போட்டார்கள். ஜனநாயகம் வராமல் ஸ்பெயினை ஐரோப்பியச் சமூகத்தில் சேர்க்கக் கூடாது என்பது தீர்மானம். பிராங்கோவின் பத்திரிகைகள் அதற்கு ‘மியூனிக்கின் கள்ள உறவு’ என்று பெயர் வைத்தன. திரும்பியவர்களுக்கு விமான நிலையத்தில் இரண்டு வழி காத்திருந்தது. ஒன்று நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், அல்லது கானரித் தீவுக்கூட்டத்தின் ஃபுவெர்த்தேவெந்துராவில் காவலில் இருக்க வேண்டும். அப்படி அந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் ஃபெர்னாந்தோ ஆல்வரெஸ் தெ மிராந்தா. 1977இல் ஜனநாயகத் தேர்தலுக்குப் பின் கூடிய மக்களவைக்கு அவர்தான் தலைவர். ஸ்பெயினில் ஐரோப்பிய ஆதரவு நெடுங்காலம் கட்சிச் சண்டைக்கு அப்பாற்பட்டு இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லை எதிர்ப்பது என்றால் பிராங்கோவோடு நிற்பது.

கிழக்கில் இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2013 நவம்பர் 21 அன்று உக்ரைன் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்யவிருந்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்ததும், கீவ் நகரச் சதுக்கத்தில் கூடிய கூட்டத்துக்கு யூரோமைதான் என்று பெயர் வந்தது. சதுக்கத்தில் நின்றவர்கள் பிரஸ்ஸல்ஸின் மீன்பிடி ஒதுக்கீட்டையோ நிதிப்பற்றாக்குறை விதிகளையோ நேசித்து நிற்கவில்லை. லஞ்சம் கேட்காத போலீஸ், விலைபோகாத நீதிமன்றம், மாஸ்கோ சொல்லித் தராத அரசு, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயராக ஐரோப்பா என்றார்கள். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் சுமார் நூறு பேர் உயிரிழந்தார்கள். ரஷ்ய ஆதரவு ஊடகங்கள் ஐரோப்பாவை ஓரினச்சேர்க்கையோடு ஒட்டிக் ‘கேரோப்பா’ என்று வசைபாடின. ஜார்ஜியாவின் அரசியல் சட்டத்திலேயே ஒன்றியத்தில் சேர அரசு எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2024 நவம்பர் 28 அன்று அரசு சேர்க்கைப் பேச்சை 2028 வரை தள்ளி வைப்பதாக அறிவித்ததும் திபிலிசி தெருக்களுக்கு மக்கள் இறங்கினார்கள். இவர்களை லண்டன் பொருளில் யூரோஃபைல் என்று அழைத்துப் பாருங்கள், எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்று தெரியும்.

கிரேக்கத்தில் சொல் இரண்டாகக் கிழிந்தது. 2015 ஜூன் கடைசியில், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனையை ஏற்பதா என்று வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டதும், வங்கிகள் மூடி, ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டும் என்று வரிசை நின்றது. ஏற்கச் சொன்னவர்கள் ஏதென்ஸில் ‘ஐரோப்பாவில் இருப்போம்’ என்ற முழக்கத்தோடு கூடினார்கள். எதிர்ப்பக்கம் அந்த முழக்கத்தையே பட்டப்பெயராக்கி அவர்களைக் கேலி செய்தது. ஜூலை 5 அன்று 61 சதவீதம் பேர் நிபந்தனையை நிராகரித்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்கள் யூரோ நாணயத்தைவிட்டு வெளியேறவும் விரும்பவில்லை. ஐரோப்பா வேண்டும், அதன் கடன் விதி வேண்டாம். அன்றைய நிதியமைச்சர் யானிஸ் வருஃபாகிஸ், பதவி போன பிறகு ஐரோப்பாவை ஜனநாயகமாக்க ஓர் இயக்கம் தொடங்கினார். பிரஸ்ஸல்ஸை அவரளவு திட்டியவர் குறைவு. ஐரோப்பிய அளவில் அரசியல் கட்ட அவரளவு முயன்றவரும் குறைவு.

அரசியல் அறிவியல்காரர்கள் இந்தச் சிக்கலுக்குப் பெட்டி செய்து தர முயன்றார்கள். 1970இல் லிண்ட்பர்க், ஷைன்கோல்ட் என்ற இரு அமெரிக்கர்கள், மக்கள் ஐரோப்பிய ஒருமைப்பாட்டை ஆதரிக்கிறார்கள் என்பதைவிடத் தடுக்காமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதே சரி என்றார்கள். அதுவரை ஆதரவாளருக்குப் பெயர் தேவைப்படாததற்கு இது நல்ல விளக்கம். எல்லோரும் அரைமனதாக ஒத்துக்கொள்ளும் ஒன்றுக்குத் தொண்டர் படை எதற்கு? மாஸ்ட்ரிக்ட்டுக்குப் பின் அந்த மௌனச் சம்மதம் போய்விட்டது, இனிப் பொதுமக்களின் மறுப்புதான் தலைவர்களின் கையைக் கட்டும் என்று லிஸ்பெத் ஹூகேயும் கேரி மார்க்ஸும் 2009இல் எழுதினார்கள்.

நேரடியாகப் பெயர்ச் சிக்கலில் கை வைத்தவர்கள் பெத்ர் கொபெட்ஸ்கியும் காஸ் முட்டேயும். 2002இல் அவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்தார்கள். ஐரோப்பா ஒன்றுபட வேண்டும் என்ற எண்ணம் பிடிக்குமா என்பது ஒன்று. இப்போது இருக்கும் ஒன்றியமும் அது போகும் திசையும் பிடிக்குமா என்பது மற்றது. இரண்டுக்கும் ஆம் என்பவர் ஆர்வலர், இரண்டுக்கும் இல்லை என்பவர் நிராகரிப்பவர். எண்ணத்தில் நம்பிக்கை இல்லாமல், நிதி வருகிறது, ஆதாயம் இருக்கிறது என்று ஒன்றியத்தை ஏற்பவர் காரியவாதி. எண்ணம் பிடித்து, இருக்கும் ஒன்றியம் பிடிக்காதவர்தான் யூரோஸ்கெப்டிக். எண்ணம் பிடித்தவர்கள் எல்லோரையும் அவர்கள் யூரோஃபைல் என்றார்கள், அதாவது அவர்கள் பெட்டியின்படி யூரோஸ்கெப்டிக் என்பவர் யூரோஃபைலில் ஒரு வகை. பத்திரிகை வழக்கில் நேர் எதிரிகளாக நிற்கும் இரண்டு சொற்களை ஒரே வீட்டுக்குள் குடிவைத்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். பெட்டியின் குறை, யூரோஃபைல் அறை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. தேசங்களைக் கரைக்க நினைத்த ஸ்பினெல்லியும் அங்கே இருக்கலாம், ஐரோப்பா ஒரு நல்ல சந்தை என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பவரும் இருக்கலாம். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பேச்சு ஐந்து நிமிடம் தாங்காது.

ஆனாலும் அந்தக் காரியவாதி என்ற பெட்டிக்கு இன்று மவுசு கூடியிருக்கிறது. பிரெக்ஸிட்டில் பிரிட்டன் பட்ட பாட்டைப் பார்த்தபிறகு கண்டத்தின் வலதுசாரிக் கட்சிகள் விலகலைப் பற்றிப் பேசுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. பிரான்சின் மரின் லெ பென் 2017 தோல்விக்குப் பின் யூரோவைக் கைவிடும் பேச்சையே கைவிட்டார். 2024 ஜூலையில் ஓர்பான் கட்சியும் லெ பென் கட்சியும் சேர்ந்து ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அமைத்த குழுவுக்குப் பெயர் ‘ஐரோப்பாவுக்கான தேசபக்தர்கள்’. 84 பேரோடு அது மூன்றாவது பெரிய குழுவாகத் தொடங்கியது. ஐரோப்பா என்ற சொல்லை அவர்கள் எதிராளியிடம் விட்டுத்தரத் தயாரில்லை. கிறித்தவ ஐரோப்பா, தேசங்களின் ஐரோப்பா, எல்லையைக் காக்கும் ஐரோப்பா என்று அடைமொழி கொடுத்துத் தங்களுடையதாக்கிக் கொள்கிறார்கள். ‘நான் ஐரோப்பாவை ஆதரிக்கிறேன்’ என்ற வாக்கியம் இப்போது யார் வாயிலும் பொருந்தும். மொனேயின் வாரிசுகள் திட்டத்தை விட்டுவிட்டு உணர்ச்சியை மட்டும் பெயராக வைத்துக்கொண்டதன் விளைவு இது. உணர்ச்சியை யாரும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பட்டா கிடையாது.

திட்டம் உள்ள பழைய பெயர் என்ன ஆனது? அப்போதைய இத்தாலியப் பிரதமர் மரியோ திராகி 2022 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ‘நடைமுறைக் கூட்டாட்சி’ வேண்டும் என்றார். சொல் திரும்பி வந்தது, ஒரு காவலாளியைக் கூட்டிக்கொண்டு. 2025 மார்ச் 19 அன்று இத்தாலியப் பிரதமர் ஜியோர்ஜியா மெலோனி நாடாளுமன்றத்தில் வென்டோட்டெனே அறிக்கையிலிருந்து சில பகுதிகளை வாசித்து, இது என்னுடைய ஐரோப்பா அல்ல என்றார். எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன, அவை ஒத்திவைக்கப்பட்டது. போர்க்கால அறிக்கையின் புரட்சி வாசகங்களைச் சூழலிலிருந்து பிய்த்து எடுத்தார் என்ற அவர்கள் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றை மெலோனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பல ஆண்டுகளில் அந்த ஆவணத்தை வரி வரியாக எடுத்து இதோ இதை மறுக்கிறேன் என்று பேசிய அரசுத் தலைவர் அவர்தான். அதன் ஆதரவாளர்கள் அதற்குப் பூ வைப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பினெல்லியின் பெயரால் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் கட்சி கடந்த ஒரு குழு 2010இலிருந்து இயங்குகிறது. அவர்கள் கருத்துக்குத் தேர்தலில் யாரும் தனியாக வாக்குக் கேட்பதில்லை, அவரவர் தேசியக் கட்சியின் சின்னத்தில்தான் வருகிறார்கள். ஃபெடரலிஸ்ட் என்று வாசலிலேயே எழுதி வைத்து, ஒரே பெயரில், ஒரே அறிக்கையோடு பல நாடுகளில் நிற்கும் கட்சி வோல்ட். பிரிட்டன் விலகல் கடிதம் கொடுத்த 2017 மார்ச் 29 அன்றுதான் அது பிறந்தது. 2019 தேர்தலில் அதற்கு ஜெர்மனியில் ஓர் இடம் கிடைத்தது. 2024இல் ஜெர்மனியில் மூன்று, நெதர்லாந்தில் இரண்டு. 720 பேர் கொண்ட அவையில் ஐந்து பேர்.